5 வயதுப் பையன் இரவில் கால் வலி என்று அழுகிறான், காலையில் ஓடுகிறான். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

இரண்டு காலும் வலித்து, காலையில் சுத்தமாகச் சரியாகிவிடுகிறது என்றால், பெரும்பாலும் அது 'வளர்ச்சி வலி'தான். 3 வயதிலிருந்து 12 வயது வரை நிறையப் பிள்ளைகளுக்கு வரும். என் மகளுக்கும் இருந்தது. கெண்டைக்கால், தொடை, முட்டிக்குப் பின்புறம் என்று சதையில்தான் வலிக்கும். அதிகம் ஓடியாடிய நாளில் கூடுதலாக இருக்கும், சில நாள் வராமலே போகும்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள்" என்றார்கள். ராத்திரி 11 மணிக்கு எந்தப் பள்ளிக்கூடம்? வலி நிஜம்தான். காலை நீவிவிடுங்கள், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். நீவிவிடும்போது பிள்ளைக்கு இதமாக இருந்தால் நல்ல அறிகுறி. தொட்டாலே அலறினால் அது வேறு சமாச்சாரம்.

ரொம்ப அழுதால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கடையில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு சிரப் இருக்கிறது, பாட்டிலைப் பார்க்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ராத்திரி எவ்வளவு அழுதான் என்பதைவிட, காலையில் எப்படி நடக்கிறான் என்று பாருங்கள். நொண்டினால், எழுந்ததும் கால் விறைப்பாக இருந்தால், எப்போதும் ஒரே காலில் ஒரே இடத்தில் வலித்தால், மூட்டு வீங்கினால், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பல நாளாகக் காய்ச்சல் வந்து போவது, முகம் வெளுப்பது, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன திட்டுகள் தெரிவது, எடை குறைவது இவற்றில் எது சேர்ந்தாலும் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தப் புற்றுநோய்கூட சில பிள்ளைகளிடம் முதலில் கால் வலியாகத்தான் தெரியும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் பிள்ளை முட்டியைத்தான் காட்டும். அதனால் நொண்டுகிற பிள்ளைக்கு முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, "ஒன்றுமில்லை" என்று கேட்டு நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சளி பிடித்துச் சரியான கையோடு இடுப்பு மூட்டில் லேசான அழற்சி வந்து நொண்டுவது உண்டு, ஓய்வெடுத்தால் ஓரிரு வாரத்தில் போய்விடும். ஆனால் காய்ச்சலோடு காலை ஊன்றவே மறுத்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பதும் உண்டு. பொதுவாகச் சில நாளில் தானாகச் சரியாகும், ஆனால் சிறுநீர் கருத்துப் போனால் அன்றே காட்டுங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குறைபாடு இருந்தால் பலன் தரும் மருந்துதான். ஆனால் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். எத்தனை வாரம், எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.