மேட்டூருக்கு ஒரு நாள் போய்வரலாமா? அணையைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாமுங்க. கிளம்பும் முன் அன்றைய நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அணை நிரம்பி நிற்கும் 120 அடியில் ஒரு மேட்டூர், 50 அடியில் இன்னொரு மேட்டூர்.

இந்தப் பழக்கம் அப்புச்சியிடமிருந்து, அதாவது அம்மாவின் அப்பாவிடமிருந்து வந்தது. அம்மாபேட்டைப் பக்கம் மேற்குக்கரை வாய்க்கால் பாசனத்தில் அவருக்குக் கொஞ்சம் வயல். ஆகஸ்ட் 1ஆம் தேதி வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்பதே வீட்டில் பெரிய பேச்சு. ரேடியோ செய்தியில் மேட்டூர் அணை மட்டம் சொல்லி முடிக்கிறவரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள் பவானி, அம்மாபேட்டை வழியாக வாருங்கள். நெருஞ்சிப்பேட்டை கதவணைப் பக்கம் காவிரி குளம் போல நிற்கும். கொஞ்ச தூரம் போனதும் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரியும், ஊர் அப்புறம்தான். 210 மெகாவாட்டில் நான்கு யூனிட், பின்னால் வந்த 600 மெகாவாட் ஒன்று. நிலக்கரி ரயிலில் வருகிறது. 1934இல் அணை திறந்தபிறகு தண்ணீரையும் மின்சாரத்தையும் நம்பி ரசாயன ஆலை, அலுமினிய ஆலை என்று வரிசையாக வந்து உட்கார்ந்த ஊர் இது. காற்று திரும்பினால் மூக்கில் ஏறுகிற ஒரு நெடியும் உண்டு. சுற்றுலா விளம்பரத்தில் இதெல்லாம் இருக்காது. ஆனால் ஷிப்ட் முடிந்து சைக்கிளிலும் பைக்கிலும் ஆட்கள் கலையும் நேரத்தில் டீக்கடையில் நின்று பார்த்தால்தான் மேட்டூர் புரியும்.

அணை நிரம்பியிருந்தால் பதினாறு கண் மதகுக்குப் போங்கள். அணையின் நீர்மின்நிலையங்கள் வழியாக விடமுடிகிற அளவை மிஞ்சிய உபரிநீர்தான் அங்கே வரும். பார்க்கப் பிரமாதம், கூட்டமும் அப்படியே. ஆடிப் பதினெட்டுக்குக் காரில் மட்டும் வந்துவிடாதீர்கள். காவிரியில் குளித்து, அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்க வருகிற சனத்தில் வண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது.

என்னைக் கேட்டால், தண்ணீர் குறைந்திருக்கும்போது போவதுதான் மேல். மட்டம் எழுபதுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஊருக்குள் நிற்காமல் நேராகக் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போய்விடுங்கள். அணை கட்டியபோது முழுகிய ஊர்களின் மிச்சம் அங்கே வெளியே வரும்: ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி, ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம். 2024 ஜூன் கடைசியில் நான் போனபோது மட்டம் நாற்பதுக்குப் பக்கம். பாளம் பாளமாக வெடித்த வண்டல்மேல் நடந்தே நந்தியிடம் போய்விட்டேன். வழியில் ஒரு தாத்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விலகிய மண்ணில் சிலர் பயிர்கூட வைத்திருந்தார்கள். "தண்ணி வந்துட்டா என்னுங்க பண்ணுவீங்க?" என்றேன். "வந்தா போகுது, அதுக்குள்ள அறுத்தா நம்முளுது" என்றார்.

ஜூலை 30ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. ஒரே மாதம்! நான் நடந்த இடத்துக்கு மேல் படகு போயிருக்கும்.

சாப்பாட்டுக்கு அணைப் பூங்கா பக்கம் மீன் கடைகள். கட்லா, ஜிலேபி, கெளுத்தி எல்லாம் இருக்கும். ஏற்கெனவே பொரித்து அடுக்கியதை வாங்காதீர்கள்; பச்சை மீனைக் காட்டி, எடை போட்டு, கண் முன்னால் எண்ணெயில் போடச் சொல்லுங்கள்.

நந்தி போட்டோவை ஊருக்குப் போனதும் அப்புச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். "அணை காஞ்சு கெடக்கறத வேடிக்கை பாக்கவா போன சாமி?" என்றார்.