உண்மையைத்தானே சொன்னேன்?

கேள்வி: சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு குடும்பத்தின் பிரச்சினையை 'ஜெபிக்கவும்' என்று போட்டேன். எழுதியது உண்மைதான். ஆனாலும் அவர்கள் மனமுடைந்துவிட்டார்கள். என் தவறு என்ன?

பதில்: பொய் மட்டும்தான் நாவின் பாவம் என்று பலரும் நினைக்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2477) அவதூறைத் தனியாகவும், தக்க காரணமின்றிப் பிறர் குறையை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவதைத் தனியாகவும் குற்றமென்கிறது. இரண்டாவதில் சொன்னது உண்மையாக இருந்தாலும் குற்றம்தான். நீதிமொழிகள் 11:13-ம் இரகசியத்தை வெளிப்படுத்துகிறவனைத்தான் கண்டிக்கிறது. அதுவும் ஜெபப் போர்வையில் வரும் புறங்கூறுதலை யாரும் தட்டிக் கேட்பதில்லை!

முதலில் பதிவை 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்து எடுங்கள். சுமார் இரண்டு நாள் கடந்தால் அந்த வசதி இருக்காது. ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆன பிரதிகளும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் இதனால் அழியா. ஆகவே குழுவில் ஒரே வரி போதும்: "அனுமதி பெறாமல் போட்டுவிட்டேன், பகிர்ந்தவர்கள் நீக்கிவிடுங்கள்." விவரத்தை மறுபடி எழுதினால் பார்க்காதவர்களும் பார்ப்பார்கள்.

பிறகு அந்தக் குடும்பத்தை நேரில் பாருங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய் ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:23-24. வாய்ஸ் மெசேஜ் அதற்கு ஈடாகாது. 'நல்லெண்ணத்தில்தான் போட்டேன்' என்று தொடங்காதீர்கள். அது மன்னிப்பு அல்ல, வாதம்.

இனி உரியவரின் சம்மதம் இல்லாவிட்டால், 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று மட்டும் எழுதுங்கள். பெயரை மறைத்துவிட்டு வேலையையும் தெருவையும் எழுதினால், பெயரைப் போட்டதற்குச் சமம்.