குடிக்காதவர் கிளப்புக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 24 வயது, கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று வருடமாகச் சேர்த்த காசில் வருகிற வைகாசியில் நானும் என் சினேகிதியும் ஐரோப்பாவில் 14 நாள் கோச் பயணம் போக இருக்கிறோம். 18 முதல் 35 வயது வரையானவர்கள் மட்டும் வரும் பயணம். அநேகமான இரவுகளில் பார், கிளப் என்று அட்டவணையில் இருக்கிறது. நான் குடிப்பதில்லை, ஆனால் ஆடப் பிடிக்கும். எல்லாரும் போக நான் மட்டும் அறையில் இருக்க வேண்டி வருமோ என்று யோசனையாக இருக்கிறது.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, போங்கள், ஆசைதீர ஆடுங்கள். குடிக்காதவருக்கு அங்கே இடமில்லை என்பது இங்கே இருந்துகொண்டு நாங்களாக நினைத்துக்கொள்வது. நான் போன பயணத்தில் 40 பேருக்கு மேல் இருந்தோம், அதில் ஐந்தாறு பேர் ஒரு சொட்டும் தொடவில்லை, ஒருத்தி மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேருக்கு மதம், ஒருவனுக்கு அதன் மணமே பிடிக்காது. முதல் இரவு மட்டும் கேட்பார்கள். "நான் குடிப்பதில்லை" என்று ஒரே ஒரு தரம் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு ஒரு கோலாவை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லப் போகாதீர்கள், காரணம் சொன்னால்தான் கதை வளரும்.

இந்தப் பயணங்கள் தொடங்கியதே கூட்டுக்காகத்தான். 1962இல் ஜோன் அன்டர்சன் என்ற நியூசிலாந்துக்காரர் லண்டனில் 12 பேர் இருக்கக்கூடிய ஒரு சிறு பஸ்ஸை எடுத்து, செலவைப் பகிர ஆள் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றினார், அதுதான் பிறகு கொன்டிக்கி என்ற பெரிய நிறுவனமானது. இன்றைக்கும் பாதிப் பேர் தனியாகத்தான் வந்து ஏறுவார்கள். பகல் முழுக்கக் கோச்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் மனம் விட்டுக் கதைப்பது இரவில்தான், அதனால்தான் அறையில் இருந்துவிடாதீர்கள் என்று சொல்கிறேன். எனக்கு இன்றைக்கும் தொடர்பில் இருக்கும் இரண்டு பேரும் கிளப்புக்குள் கிடைத்தவர்கள் இல்லை, கிளப் முடிந்து விடியப்புறம் நடந்து வரும்போது கிடைத்தவர்கள்.

இரவு விழிப்பது எங்களுக்குப் புதிதா என்ன? காத்தவராயன் கூத்தில் காத்தான் கழுமரம் ஏறும்வரை பாயில் இருந்து பார்த்தவர்கள், வற்றாப்பளைப் பொங்கலுக்கு விடிய விடிய நின்றவர்கள். அங்கே நேரம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஸ்பெயினில் இரவுச் சாப்பாடே ஒன்பது பத்து மணிக்கு, கிளப் நிரம்ப ஒரு மணி இரண்டு மணியாகும். பெர்லினில் சனி இரவு தொடங்குவது திங்கள் காலைவரை போகிற இடங்களும் உண்டு, சில கிளப்புகளில் வாசலிலேயே போன் கமெராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், உள்ளே படம் எடுக்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் படம் எடுத்து எங்கேயும் போடமாட்டார்கள் என்று தெரிந்தால் எங்கள் பிள்ளைகள் எவ்வளவு நிம்மதியாக ஆடுவார்கள் தெரியுமா.

எல்லா ஊரும் இந்தக் கூட்டத்தை வரவேற்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் சிவப்பு விளக்குப் பகுதித் தெருக்களில் கஞ்சா புகைக்க 2023இல் தடை வந்தது, அங்கே ஜன்னலுக்குள் நிற்கும் பெண்களைப் படம் எடுக்கவே கூடாது. வழிகாட்டி வைத்துப் பார் பாராகக் கூட்டமாகக் கொண்டுபோவதை பிராக் நகரசபை 2024இல் இரவு பத்து மணிக்குப் பிறகு தடைசெய்தது. காரணம் சத்தம். அந்தத் தெருக்களில் மேல்மாடிகளில் பிள்ளைகுட்டியோடு ஆட்கள் குடியிருக்கிறார்கள், எங்கள் வீட்டு வாசலில் ஒவ்வொரு இரவும் ஐம்பது பேர் கத்திக்கொண்டு போனால் நாங்கள் பொறுப்போமா?

சரி, கவனிக்க வேண்டியவை. கையில் இருக்கும் கிளாஸை வைத்துவிட்டு ஆடப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள், கோலாவானாலும் புதிதாக வாங்குங்கள், குடிக்காதவரின் கிளாஸிலும் எதையாவது கலந்துவிட ஆட்கள் உண்டு. சினேகிதியும் நீங்களும் சேர்ந்து போனால் சேர்ந்தே திரும்புங்கள். தங்கும் இடத்தின் பெயரையும் தெருவையும் கடதாசியில் எழுதி வைத்திருங்கள், போன் சார்ஜ் இறங்குவது சரியாக அந்த நேரத்தில்தான். கடவுச்சீட்டைப் பின்பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஆடக் கூடாது. பாரிஸில் மெட்ரோ கிழமை நாட்களில் இரவு ஒன்றேகால் வாக்கில் நின்றுவிடும், வெள்ளி சனியில் இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடும்.

அப்புறம் காலை. கோச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும், ஒரு நாளுக்குச் சாதாரணமாக ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வண்டியில் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதிந்துகொண்டே இருக்கும். நீங்கள் அரை மணித்தியாலம் பிந்தினால் அது அவருடைய கணக்கைக் குழப்பும், நாற்பது பேரின் மதியத்தையும் கெடுக்கும். அதனால் நீண்ட ஓட்டத்துக்கு முதல் இரவு நேரத்தோடு படுத்துவிடுங்கள். 13 இரவில் ஆறு ஏழு இரவு வெளியே போனாலே தாராளம்.

கேள்வி: லண்டனில் படிக்கும் மகன் விடுமுறைக்கு இப்படி ஒரு பஸ்ஸில் சுற்றப் போகிறானாம். இரவில் போன் எடுத்தால் எடுக்கமாட்டான் என்று இப்போதே சொல்லிவிட்டான். எனக்கு நித்திரை வராது.
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அக்கா, உங்கள் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. இரவில் பிள்ளை வீடு திரும்பும்வரை வாசலில் நின்று பழகிய ஊர் எங்களுடையது, அந்தப் பழக்கம் லேசில் போகாது. ஒரு வழி சொல்கிறேன். கோடையில் பாரிஸ், ரோம் பக்கம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பின்னால். உங்களுக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது அவனுக்குப் பின்னேரம் ஆறு மணி, கோச் ஊருக்குள் வந்து, குளித்து, சாப்பாட்டுக்கு முதல் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு தரம் கதைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நீங்கள் படுங்கள், அவன் போகட்டும். அவர்களோடு எந்நேரமும் ஒரு குழுத்தலைவர் இருப்பார், அவருடைய இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க எந்த அவசரத்துக்கும் 112 என்பதை மகன் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

கேள்வி: நானும் இப்படி ஒரு கோச் பயணம் போக இருக்கிறேன். பாரிஸில் சித்தி இருக்கிறா. விசா விண்ணப்பத்தில் அதை எழுதினால் திரும்பி வரமாட்டான் என்று நினைத்து மறுத்துவிடுவார்கள், மறைத்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, மறைக்காதீர்கள். பொய் பிடிபட்டால் இந்த விசா மட்டுமல்ல, இனி எடுக்கப்போகும் விசாக்களும் சிக்கலாகும். சித்தி இருப்பதற்குப் பதில் சொல்லக்கூடியது நீங்கள் திரும்பி வரவேண்டிய காரணம்தான்: வேலைக் கடிதம், லீவுக் கடிதம், ஒழுங்கான வங்கிக் கணக்கு, கட்டி முடித்த பயணத்தின் முழு அட்டவணை. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடமே ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) கேட்க வேண்டும், ஆகவே அட்டவணையை வைத்து இரவுகளை எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். லண்டனில் தொடங்கும் பயணமென்றால் பிரித்தானியாவுக்கு வேறு விசா எடுக்க வேண்டும், காசும் அலைச்சலும் இரட்டிப்பு, அதனால் பாரிஸிலோ ரோமிலோ தொடங்கி ஷெங்கனுக்குள்ளேயே முடிகிற பயணத்தைத் தெரிவு செய்யுங்கள்.

பாரிஸில் ஒரு பின்னேரம் ஓய்வாக விடுவார்கள். குழுத்தலைவரிடம் சொல்லிவிட்டு லா சப்பலுக்குப் போங்கள், ரயில் நிலையமான கார் து நோரிலிருந்து நடந்துபோகும் தூரம்தான், கடைப் பெயர்களைத் தமிழில் வாசித்துக்கொண்டே போகலாம். சித்தியை அங்கே வரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் விடமாட்டா, "இன்றைக்கு நில்லு" என்பா, விடிய கோச் போய்விடும். முடிந்தால் குழுவில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு கொத்துரொட்டி வாங்கிக் கொடுங்கள். அன்றைக்கு அவர்களுக்கு வழிகாட்டி நீங்கள்தான்.

கேள்வி: பெட்டியில் என்ன சாப்பாடு கொண்டுபோகலாம்?
– வாசகி, வவுனியா

பதில்: இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, எடுத்து எறிந்துவிடுவார்கள். பருத்தித்துறை வடை ஒரு பை போதும், கோச்சில் எல்லாருக்கும் கொடுக்கலாம். சில்லறைக் காசும் வைத்திருங்கள், ஜேர்மனியில் நெடுஞ்சாலைக் கழிப்பறைக்கு அநேகமான இடங்களில் ஒரு யூரோ, அதற்குத் தரும் துண்டை எறியாதீர்கள், அங்கே உள்ள கடையில் சாமான் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம்.