வயதான பிறகு பல்லைக் கவனித்து என்ன பயன்?

அம்மாவுக்கு 70 வயது, பாதிப் பல் போய்விட்டது, இனி பல்லைக் கவனித்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதுதான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முதலில் சர்க்கரை. ஈறு நாள்பட்டு வீங்கிக் கிடந்தால் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம், சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும், இப்படி இரண்டும் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருக்கும். என் அப்பா பல் விளக்கித் துப்பினால் வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக ஓடும், பிரஷ் குத்திவிட்டது என்பார், நாங்களும் நம்பினோம். அது ஈறு நோய். பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காறையைப் பல் மருத்துவர் சுரண்டி எடுத்த பிறகுதான் ரத்தம் நின்றது.

அப்புறம் நுரையீரல். விழுங்கச் சிரமப்படுகிற, படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்களுக்கு வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். பல்லே இல்லாவிட்டாலும் ஈறையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். பல்செட் இருந்தால் இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி, டம்ளர் தண்ணீரில் போட்டுவையுங்கள், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வளைந்துவிடும்.

பிரஷர், மனநல மாத்திரைகள் சில வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால், ஈறு இறங்கி வெளியே தெரிகிற வேர்ப்பகுதியில் சீக்கிரம் சொத்தை விழும். ஃபுளோரைடு பேஸ்ட், மிருதுவான பிரஷ், தினம் 2 வேளை, அதில் இரவு வேளையை விடவே கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பல் பிடுங்கும் முன் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.