டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் படித்த மகள், மென்பொருள் ஆவணங்கள் எழுதும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், இது தட்டச்சு வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை ஐயா. அவள் படித்த படிப்பு இதில் துளியும் வீணாகாது.

ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லித்தரும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் மூன்றாவது படியின் கட்டளை மாறிவிட்டது; பக்கத்தை யாரும் திருத்தவில்லை. அதை நம்பித் தட்டும் டெவலப்பருக்குப் பிழைச் செய்தி வருகிறது. தவறு தன்னுடையது என்று எண்ணி அரைநாள் மண்டையை உடைத்துக்கொள்வார். பிறகு வேறு மென்பொருளைத் தேடிப் போய்விடுவார். அந்த அரைநாளைக் காப்பாற்றுவதுதான் உங்கள் மகளின் வேலை. எதுவும் நிறுவாத கணினியில் ஒவ்வொரு படியையும் அவளே இயக்கிப் பார்க்க வேண்டும். பழைய பதிப்பில் இருப்பவர்களுக்குப் பழைய பக்கமும் கிடைக்க வேண்டும். பக்கத்தின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். எழுதுவதைவிடப் பராமரிப்பதுதான் பெரும்பாடு.

இன்று இந்த ஆவணங்களையும் நிரலைப் போலவே, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் வைத்து, மற்றவர்கள் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காகவே உருவாகி 2008இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸ் என்ற கருவி, எழுதியதை வலைப்பக்கங்களாக மாற்றித் தரும்; உடைந்த இணைப்புகளையும் தானே தேடிச் சொல்லும். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன், கிட், ஸ்பிங்க்ஸ் அல்லது அதைப் போன்ற டாக்குசாரஸ் என்று தொடங்கினால் போதும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. வெறும் வாக்கியம் அமைக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு இனி சிரமம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மென்பொருளை இயக்கிப் பார்த்து, "இந்தப் படி வேலை செய்யவில்லை" என்று பொறியாளரிடம் போய் நிற்பவருக்கு மதிப்பு குறையாது. அதனால் அவள் நிரலை விட்டுவிடக் கூடாது. இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

சான்றிதழ் வகுப்புகளுக்குப் பெரும்பணம் கட்டாதீர்கள். கூகுள் நிறுவனமே டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றை முடித்த கையோடு எம்டிஎன் தளத்துக்குப் போகச் சொல்லுங்கள். வலைத் தொழில்நுட்பங்களுக்கான அந்தத் தளத்தின் பக்கங்கள் 2020 டிசம்பர் முதல், கிட்டில் வைத்தவற்றைப் பலரும் பகிர்ந்து திருத்தும் கிட்ஹப் தளத்தில் உள்ளன. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். முதலில் ஒரு பிழையான எடுத்துக்காட்டைச் சரிசெய்யட்டும். பராமரிப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், மாற்றச் சொல்வார்கள். பொறுமையாகப் பதில் சொல்லி, திருத்தம் ஏற்கப்படும்வரை விடக் கூடாது.

அப்படி ஏற்கப்பட்ட நான்கைந்து திருத்தங்களின் இணைப்புகளை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, மதிப்பெண்களுக்கு மேலே போடச் சொல்லுங்கள்.