விண்கலக் கணினியின் மெமரியைக் கதிர்வீச்சிலிருந்து எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? கனமான உலோகப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் போதாதா?

போதாது. பெட்டி உதவுவது வேறொரு பாதிப்புக்கு. மெமரியில் பிட் புரள்வதை, அதாவது 0 என்பது 1 ஆகவோ 1 என்பது 0 ஆகவோ மாறுவதைச் சமாளிப்பது பெரும்பாலும் கணக்குதான்: கூடுதல் பிட்களைச் சேர்த்து வைத்துப் பிழையைக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததைத் திருத்தி அதே இடத்தில் திரும்ப எழுதுவது. முதல் பாதியை எல்லோரும் செய்துவிடுவார்கள். கோட்டை விடுவது இரண்டாவது பாதியில்.

பெட்டி எதற்கு என்று முதலில் பார்ப்போம். சிப்பின் ஆக்சைடு என்ற மின்காப்பு அடுக்கில் கதிர்வீச்சால் வருடக்கணக்கில் மின்னூட்டம் சிக்கிச் சேர்ந்துகொண்டே போகும். டிரான்சிஸ்டர் திறக்கும் மின்னழுத்தம் மெல்ல நகரும், கசிவு மின்னோட்டம் ஏறும், ஒருநாள் சிப் மொத்தமாகப் படுத்துவிடும். இப்படிச் சேரும் கதிர்வீச்சின் அளவுக்கு மொத்த டோஸ் என்று பெயர். அதில் பெரும்பங்கு எலக்ட்ரான்களுக்கும் குறைந்த ஆற்றல் புரோட்டான்களுக்கும் உரியது. இவற்றைச் சில மில்லிமீட்டர் அலுமினியமே நன்றாக வடிகட்டும். வியாழனின் எலக்ட்ரான் பட்டைகளுக்குள் புகுந்து வரும் ஜூனோ விண்கலத்துக்கு 1 செ.மீ. தடிமனுள்ள டைட்டேனியம் சுவர்களோடு சுமார் 200 கிலோ எடையில் ஒரு பெட்டகமே செய்தார்கள். வெறும் ஈயத்தைச் சுற்றிவிடலாமே என்றால், வேகமான எலக்ட்ரான் கன உலோகத்தில் மோதி நிற்கும்போது எக்ஸ் கதிரைக் கிளப்பும். அதனால்தான் வெளியே அலுமினியம், உள்ளே டான்டலம் என்று அடுக்குவது வழக்கம்.

பிட்டைப் புரட்டும் துகள்கள் வேறு ரகம். 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானை நிறுத்தவே ஏறக்குறைய 3.7 செ.மீ. அலுமினியம் வேண்டும். காஸ்மிக் கதிர்களில் அதைவிடப் பல மடங்கு ஆற்றலுள்ளவை ஏராளம். சுவரைத் தடிமனாக்கினால் அவை அதில் மோதி துணைத் துகள்களாகச் சிதறி வரும், அவ்வளவுதான். சிலிக்கானில் ஒரு எலக்ட்ரான்-துளை ஜோடி உருவாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். 22.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை ஒரு துகள் விட்டுச்சென்றால் 1 பிக்கோகூலும், அதாவது 1000 ஃபெம்டோகூலும் மின்னூட்டம் கிளம்புகிறது. எஸ்ரேம் என்ற மெமரி வகையில் ஒரு பிட்டை வைத்திருக்கும் இன்றைய சின்ன செல் புரளச் சில ஃபெம்டோகூலுமே போதும் என்பதால், அதில் ஒரு துளி வந்து சேர்ந்தாலும் 0 என்பது 1 ஆகிவிடும். சிப்புக்கு ஒரு கீறலும் இருக்காது, உள்ளே இருக்கும் எண் மட்டும் பொய்.

அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் வழியைச் சின்ன அளவில் பார்க்கலாம். 1011 என்ற நான்கு பிட்களைக் காக்க வேண்டும். ஹாமிங் என்ற பிழை திருத்தும் முறையில் ஏழு இடங்கள். 3, 5, 6, 7-இல் தரவு, 1, 2, 4-இல் பாரிட்டி, அதாவது தன் குழுவில் உள்ள 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் பிட். 1-ஆம் இடம் 3, 5, 7-ஐயும், 2-ஆம் இடம் 3, 6, 7-ஐயும், 4-ஆம் இடம் 5, 6, 7-ஐயும் காவல் காக்கும். கணக்குப் போட்டால் 0110011. இப்போது 6-ஆம் இடம் புரண்டு 0110001 ஆகிவிட்டது என்று வையுங்கள். மூன்று காவல்களையும் சரிபார்த்தால் 1 சரி, 2 தப்பு, 4 தப்பு. தப்பானவற்றைக் கூட்டினால் 2+4=6. புரண்ட இடம் தானே வந்து நிற்கிறது.

ஆனால் 3, 6 இரண்டும் புரண்டால் இதே கணக்கு 5 என்று கை காட்டும். வன்பொருள் அதை நம்பி 5-ஐயும் புரட்டும், இரண்டு பிழை மூன்றாகும். இதற்காகவே மொத்தத்துக்கும் ஒரு பாரிட்டி பிட் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஒரு பிழையென்றால் திருத்தும், இரண்டென்றால் 'கெட்டுவிட்டது' என்று சொல்லிவிடும். மெமரி ஒரே மூச்சில் கையாளும் பிட்களின் தொகுப்பை வேர்டு என்பார்கள். 32 பிட் வேர்டுக்கு இப்படி 7 கூடுதல் பிட்கள், 64-க்கு 8.

அடுத்தது துடைப்பது, அதாவது மெமரி முழுவதையும் அவ்வப்போது படித்து, திருத்தி, திரும்ப எழுதுவது. ஸ்கிரப்பிங் என்பார்கள். 128 மெகாபைட் மெமரி, 72 பிட் வேர்டுகள் (64 தரவு, 8 கூடுதல்) என்றால் சுமார் 1 கோடியே 68 லட்சம் வேர்டுகள். ஒரு பிட் ஒரு நாளில் புரளும் வாய்ப்பு கோடியில் ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தினமும் ஏறக்குறைய 120 பிட்கள் புரளும். ஒரு வருடம் துடைக்காமல் விட்டால் சுமார் 58 வேர்டுகளில் இரண்டாவது பிழையும் விழுந்து திருத்த முடியாமல் போகும். நாளுக்கு ஒருமுறை துடைத்தால் அப்படி ஒரு வேர்டு ஆறு வருடத்துக்கு ஒன்று. மணிக்கு ஒருமுறை என்றால் சுமார் 150 வருடத்துக்கு ஒன்று. அதற்கு ஆகும் செலவு நொடிக்கு 4,660 வேர்டுகள். நொடிக்கு 100 முறை அடிக்கும் டைமரில் முறைக்கு 47 வேர்டுகள். பிராசசருக்கு இது ஒரு சுமையே இல்லை.

தப்பு நடப்பது செய்முறையில். பல மெமரி கன்ட்ரோலர்கள் படிக்கும்போது திருத்திய மதிப்பைப் பிராசசருக்குத்தான் கொடுக்கும், மெமரியில் பழைய பிழை அப்படியே கிடக்கும். நிரல் எல்லாம் சரியாக ஓடும், பிழை மட்டும் சத்தமில்லாமல் சேரும். ஆகவே படித்ததைத் திரும்ப எழுத வேண்டும். பிராசசர் அருகிலேயே பிரதி வைத்திருக்கும் கேஷ் வழியாகப் படித்தால் சில இடங்களில் மெமரியைத் தொடாமலே துடைத்ததாகக் கணக்கு வரும். கேஷைத் தவிர்க்கும் முகவரியில் படியுங்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்டரப்டோ (ஓடும் நிரலை இடைமறித்து வரும் வேலை) டிஎம்ஏவோ (பிராசசர் இல்லாமலே மெமரியில் எழுதும் வன்பொருள்) புது மதிப்பை எழுதிவிட்டால், ஸ்கிரப்பர் பழையதை அதன் மேல் எழுதிக் கெடுத்துவிடும். கதிர்வீச்சு செய்யாத சேதத்தை நாமே செய்வது இது. இன்டரப்டை நிறுத்தினால் டிஎம்ஏ நிற்காது; மெமரிக்குப் போகும் பொதுப் பாதையான பஸ்ஸைப் பூட்டும் கட்டளை வேண்டும், அல்லது கன்ட்ரோலரே செய்யும் ஸ்கிரப்பிங் வேண்டும். இன்னொன்று: மின்சாரம் வந்தவுடன் பாரிட்டி பிட்களில் குப்பைதான் இருக்கும். மெமரி முழுவதையும் ஒருமுறை எழுதி முடித்த பிறகே பிழை எச்சரிக்கையை இயக்குங்கள்.

மேலே போட்ட கணக்கு, ஒவ்வொரு துகளும் ஒரே பிட்டைத்தான் புரட்டும் என்று நம்பிப் போட்டது. சாய்வாக நுழையும் கன அயனி பக்கத்துப் பக்கத்து செல்களைச் சேர்த்தே புரட்டும். அவை ஒரே வேர்டில் இருந்தால் மணிக்கு ஒருமுறை என்ன, நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தும் பயனில்லை. 1997-இல் சனிக்குக் கிளம்பிய காசினி விண்கலத்தில் டிரேம் என்ற மெமரி வகையால் ஆன 2.5 கிகாபிட் ரெக்கார்டர்கள் இரண்டு இருந்தன. முதல் இரண்டரை வருடம் நாளுக்கு 280 ஒற்றைப் பிழைகள் வரை சீராக வந்தன, 1997 நவம்பர் 6 அன்று சூரிய வெடிப்பில் மட்டும் நான்கு மடங்குக்கு மேல் எகிறியது. அதையெல்லாம் திருத்தம் தாங்கியது. இரட்டைப் பிழைகள்தான் எதிர்பார்த்ததைவிட அதிகம். சிப்புக்குள் அருகருகே இருந்த பிட்கள் ஒரே வேர்டில் சேர்ந்த அமைப்பு அதற்குக் காரணம். ஒரு வேர்டின் பிட்களைத் தனித்தனி சிப்களில் பரப்புங்கள். ஒரே சிப்பில்தான் என்றால் செல்களை இடைவெளி விட்டுப் பின்னியிருக்கிறார்களா என்று பாருங்கள். மெமரி வாங்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான், வேகத்தை அல்ல.

திருத்தத்துக்கு அகப்படாதது லேட்ச்-அப். துகள் பட்டதும், வழக்கமான சிப் வகையான சீமாஸுக்குள் ஒளிந்திருக்கும் தைரிஸ்டர் அமைப்பு (ஒருமுறை திறந்தால் தானாக மூடாத ஸ்விட்ச்) விழித்து மின்னோட்டம் பாயும். மின்சாரத்தை நிறுத்தினால்தான் அடங்கும், தாமதித்தால் சிப் எரியும். மெமரி வரிசைக்குத் தனியாக மின்னோட்ட வரம்பு உள்ள ஸ்விட்ச் வையுங்கள். நிறுத்தும்போது டேட்டா, முகவரி கம்பிகளையும் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் வழியாகவே சிப்புக்கு மின்சாரம் கசிந்து லேட்ச்-அப் விடாது.

எம்ரேம் என்ற மெமரி வகையில் பிட் காந்தமாக இருப்பதால் செல் எளிதில் புரளாது, ஆனால் அதைச் சுற்றியுள்ள படிக்கும் சுற்று சாதாரண சீமாஸ்தான். கணினியைத் தொடங்கிவைக்கும் பூட் நிரலை அதில் வைத்தாலும் மூன்று பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் செக்சம் (பிரதி கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) வேண்டும்.

ஒவ்வொரு திருத்தத்தின் முகவரியையும் பிட் எண்ணையும் டெலிமெட்ரியில், அதாவது தரைக்கு அனுப்பும் நிலைத் தகவலில் அனுப்புங்கள். வெறும் எண்ணிக்கை போதாது. ஒரே முகவரி, ஒரே பிட் திரும்பத் திரும்ப வந்தால் அந்த செல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த வேர்டில் இன்னொரு பிட் புரண்டால் திருத்த முடியாது, அதனால் அது இருக்கும் மெமரிப் பகுதியைப் பயன்பாட்டிலிருந்து விலக்குங்கள். இதையெல்லாம் தரையிலேயே சோதிக்கலாம். பல கன்ட்ரோலர்களில் தப்பான பாரிட்டியை வேண்டுமென்றே எழுதும் வசதி உண்டு. ஒரு வேர்டில் ஒரு பிட்டைக் கெடுத்து, ஸ்கிரப்பர் கடந்த பிறகு, திருத்தத்தை அணைத்துவிட்டு மெமரியில் உள்ளதை அப்படியே படியுங்கள். பிழை இன்னும் அங்கே இருந்தால் உங்கள் ஸ்கிரப்பர் வெறுமனே படித்துக்கொண்டுதான் இருக்கிறது.