மலைக்காட்டில் மரம் இறக்குவது: வாசகர் கேள்விகள்

மறுநடவுக்காக மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து மேட்டுக்காடுகளில் பால்மரம் (ரப்பர் மரம்) விழத் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் சில.

சரிவில் வெட்டிய மரத்தை வின்ச் (கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் இயந்திரம்) வைத்து மேலே பாதைக்கு இழுக்கிறோம். டன்னுக்கு எவ்வளவு செலவாகும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கடிகாரத்தோடு அரை நாள் பக்கத்தில் நில்லுங்கள். வடம் கீழே போக 3 நிமிடம், கட்ட 4, இழுக்க 5, அவிழ்க்க 2 என்றால் ஒரு நடைக்கு 14 நிமிடம். 1.8 மீட்டர் நீளம், 30 செ.மீ. குறுக்களவுள்ள பால்மரத் துண்டு ஒன்று பச்சையில் ஏறக்குறைய 115 கிலோ இருக்கும். நடைக்கு எட்டுத் துண்டு என்றால் 0.9 டன். மணிக்கு நாலு நடைக்குச் சற்று மேல் வரும். ஆனால் மழை, வடம் சிக்குவது, லாரிக்காகக் காத்திருப்பது எல்லாம் போக ஒரு மணி நேரத்தில் எழுபது விழுக்காடுதான் உண்மையான வேலை. ஆகவே மணிக்கு 2.7 டன்.

டீசல், டிரைவர், இரண்டு ஆள், பழுது, வடத் தேய்மானம், வண்டிக் கடன் அனைத்தையும் கூட்டி மணிக்கு 160 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் தொகையை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்). டன்னுக்கு 59 வெள்ளி. இனி நடைக்கு நாலே துண்டு என்று பாருங்கள். கட்டும் நேரத்தில் ஒரு நிமிடம் மிஞ்சும், அவ்வளவுதான். டன் செலவு 110 வெள்ளிக்கு ஏறிவிடும். வண்டி வாடகையில் ஐந்து, பத்து வெள்ளி குறைக்கப் பேரம் பேசுவதைவிட, ஒவ்வொரு நடையிலும் சுமை நிறைவாக இருக்கிறதா என்று பார்ப்பதே பெரிய லாபம். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு: சரிவிலேயே துண்டு போடாதீர்கள். 5.4 மீட்டர் நீளத்தில் இழுத்து மேலே கொண்டுவந்து மூன்றாக அறுங்கள். மூன்று துண்டுக்கு ஒரே கட்டு போதும்.

பள்ளத்தின் மேலே கம்பிவடம் கட்டி மரத்தைத் தொங்கவிட்டுக் கொண்டுவர நினைக்கிறோம். வடத்தை நன்றாக இறுக்கிவிடலாமா?

கூடாது. எங்களை அதிகம் கவலைப்பட வைக்கும் கேள்வி இதுதான். வடம் எவ்வளவு தொய்கிறதோ அவ்வளவுக்கு இழுவிசை குறையும். 200 மீட்டர் அகலத்தில், நடுவில் 1 டன் தொங்கும்போது வடம் 20 மீட்டர் தொய்ந்தால் இழுவிசை சுமார் 2.5 டன். 10 மீட்டர் தொய்ந்தால் 5 டன். 4 மீட்டர்தான் என்றால் 12.5 டன்! வடத்தின் சொந்த எடையும், மரம் திடீரென்று ஆடும் அடியும் இதில் சேரவில்லை. எஃகு உள்வடம் கொண்ட 16 மி.மீ. வடம் ஏறத்தாழ 15 டன்னில் அறும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தக் கூடாது. அப்படியென்றால் 10 மீட்டர் தொய்விலேயே உங்களுக்கு இடம் தீர்ந்துவிட்டது. தொங்கும் மரம் தரையில் இடித்தால் சுமையைக் குறையுங்கள், வடத்தை இறுக்காதீர்கள்.

வடத்தின் முனையைக் கட்டும் மரத்தைத் தட்டிப் பாருங்கள். பால்வெட்டு ஏறி ஏறிக் காயம்பட்ட அடிமரம் உள்ளே பொத்தலாக இருக்கலாம். வேரடியை ஒட்டிக் கட்டுங்கள், பின்னாலிருக்கும் மரத்தோடு இன்னொரு வடம் போட்டுப் பிணையுங்கள்.

கப்பி தொங்கும் ஷேக்கிள் (U வடிவ இரும்பு மாட்டி) அடிக்கடி வளைகிறது. வடமோ நன்றாகத்தான் இருக்கிறது.

வடத்தில் 2 டன் இழுவை இருந்து அது கப்பியில் முழுவதுமாகத் திரும்பி வந்தால், ஷேக்கிள் தாங்குவது 4 டன். செங்கோணத்தில் திரும்பினால் 2.8 டன். ஷேக்கிளை அந்தக் கணக்கில் வாங்குங்கள். வடம் வளையும் உள்பக்கத்தில் ஆள் நிற்கவே கூடாது; ஷேக்கிள் விட்டால் வடம் அந்தப் பக்கம்தான் சீறும். வடத்தின் முனையை மடக்கிக் கிளிப் (U வடிவ இரும்புப் பிடி) போடும்போது அதன் சேணப் பகுதி (U-வின் வாயை மூடும் தடித்த அடிப்பாகம்) இழுக்கும் பக்கத்து வடத்தில் உட்கார வேண்டும், வால் பக்கத்தில் அல்ல. 16 மி.மீ. வடத்துக்குக் குறைந்தது மூன்று கிளிப். முதல் சுமை ஏற்றி இறக்கியதும் மறுபடி முடுக்குங்கள்.

புல்டோசர் நேரே சரிவில் இறங்கி இழுத்தால் செலவு குறையாதா?

அன்றைக்குக் குறையும். ஆனால் பிளேடு கிழித்த தடம் மழையில் ஓடையாகும், மேல்மண், சரிவில் வெட்டிய படிவரிசையை உடைத்துக்கொண்டு இறங்கும், மறுநடவுக் கன்று நிற்க மண் இருக்காது. 20 பாகை என்பது 36 விழுக்காட்டுச் சரிவு. அதற்கு மேல் வண்டியைத் தடத்திலேயே நிறுத்தி, வடத்தை மட்டும் இறக்குங்கள். வேலை முடிந்த தடத்தில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கு வரப்பு போடுங்கள். வரப்பைச் சாய்வாகப் போட்டு, தண்ணீர் புல்தரையில் விழும்படி விடுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டப்படி குன்று நிலமாக அறிவிக்கப்பட்ட இடமா என்பதை மாவட்ட நில அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். அங்கே அனுமதியில்லாமல் வெட்ட முடியாது.

சரவாக்கில் ஹெலிகாப்டரில் மரம் தூக்குகிறார்களாமே?

தூக்கியிருக்கிறார்கள், விலையுயர்ந்த காட்டு மரத்துக்கு. அங்கே செலவு நிமிடக் கணக்கில் ஓடும். பால்மரத்தின் விலைக்குக் கட்டுப்படியாகாது.

ஆலைக்குப் போன மரத்தை நீலம் பாய்ந்தது என்று விலை குறைத்தார்கள்.

பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய இரண்டு மூன்று நாளிலேயே நீலமாக்கும் பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். மேலே சொன்ன கணக்கில் மணிக்கு 2.7 டன், எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 22 டன் வெளியே வரும். செயின்சாக்காரர் 60 டன் சாய்த்தால் மிச்சம் சரிவிலேயே கிடந்து நீலமாகும். அன்றாடம் வெளியே கொண்டுவருவதற்குத் தக்கபடி மட்டும் சாய்க்கச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல் மழை வந்துவிடும், அப்போது அதிலும் பாதி.